இருவர் பெயரில் வீடு: கணவர் காலமானபின் செய்ய வேண்டியவை

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் இருவரும் உழைத்து, இருவர் பெயரிலும் வாங்கிய வீடென்றாலும், கணவர் பங்கு தானாக மனைவிக்கு வந்துவிடாது. உயில் இல்லாத இந்துக் குடும்பமென்றால்:

1. இறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள்; தாமதக் கட்டணம் இல்லை. சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் பத்திரத்தோடு பொருந்துகின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அடுத்த அலுவலகத்தில் மனு நின்றுவிடும்.

2. இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், வட்டாட்சியர் வழங்குவார். மாமியார் இருந்தால் அவர் பெயரை விட்டுவிடாதீர்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவரின் பங்கில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாருக்கும் சம உரிமை, கட்டிக்கொடுத்த மகளுக்கும்தான். ஒருவரை மறைத்தால் பின்னால் வழக்கு வரும். (இறந்தவர் மனைவி என்றால் கணக்கு வேறு: அவர் சொந்தமாக வாங்கிய பங்கு கணவருக்கும் பிள்ளைகளுக்கும்.)

3. மற்ற வாரிசுகள் விட்டுக்கொடுத்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதியுங்கள். வெறும் தாளில் வாங்கிய கையெழுத்து செல்லாது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளையின் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், அவசரப்பட்டு எழுதாதீர்கள்.

4. வில்லங்கச் சான்று போட்டு, புதுப் பத்திரம் ஏறியிருப்பதைப் பார்த்தபின் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள். பத்திரம் பதிந்தாலும் பழைய பட்டா இருந்தால் வங்கிக் கடன் இழுபடும்.

5. நகராட்சி வீட்டு வரி, மின் இணைப்புப் பெயரையும் கையோடு மாற்றுங்கள்.