பதம் பிரிபடும் புரதம்

விஞ்ஞானப் பெயர்களுட் பல காரணப்பெயர்களேயாம். ஆயினும் காரணப்பெயரும் சிலவேளை கற்போரை மயக்கும். 'என்கெபலின்' என்பது அத்தகைய பெயர். 'தலையினுள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிற் பிறந்தது அது. 1975ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரிலே ஜோன் ஹியூசும் ஹான்ஸ் கொஸ்டர்லிற்சும் பன்றியின் மூளையினின்றும் இதனைப் பிரித்தெடுத்தமையால், பெயர் பொருத்தமாகவே தோன்றிற்று. ஆனால் 1982இல் இதன் தாய்ப்புரதத்தின் முழு அமைப்பையும் யப்பானின் கியோத்தோவிலே நூமா என்பாரின் குழுவினர் கண்டறிந்தபோது, மூலப்பொருளாய் உதவியது மூளையன்று. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பியே. அதுவும் மாட்டின் சுரப்பி.

இச்சுரப்பியின் உட்பகுதி அதிரினலினைச் சுரப்பதென்பது மாணவர் அறிந்ததே. அதே கலங்களில், அதே நுண்பைகளினுள், என்கெபலினின் தாய்ப்புரதமும் சேமிக்கப்படுகிறது. ஏறத்தாழ 260 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அது. என்கெபலினோ ஐந்தே அமினோ அமிலங்களாலாயது. தைரோசின், கிளைசின், மீண்டும் கிளைசின், பினைலலனீன் என்பன முறையே நிற்க, ஐந்தாமிடத்தில் மெதியோனினோ லியூசினோ வரும். தாய்ப்புரதத்தில் இந்த ஐந்தெழுத்துச் சொல் ஏழு முறை வருகிறது. ஆறிடத்து மெதியோனின் ஈறாகவும், ஓரிடத்து லியூசின் ஈறாகவும்.

சொற்களுக்கிடையே வெளி விடாது எழுதிய ஏட்டுச்சுவடியைப் படிப்போர் பதம் பிரிப்பதுபோல, நொதியங்கள் இச்சங்கிலியைப் பிரிக்கின்றன. லைசின், ஆர்ஜினீன் என்பன இரட்டையாய் நிற்குமிடமே பெரும்பாலும் அவற்றுக்கு வெட்டுமிடம். ஏட்டைப் பிழைபடப் பிரித்தாற் பொருள் கெடும். இங்கோ முற்றப் பிரிபடாத நெடுந்துண்டுகளுட் சிலவும் செயலுடையன. அதிரீனற் சுரப்பியில் அத்தகைய நெடுந்துண்டுகள் மிகுதி; மூளையிற் சிறியனவே மிகுதி.

இனி, சுரப்பியின் என்கெபலின் மூளைக்கு ஏறிச்சென்று ஆங்கு டோபமினை வெளிப்படுத்துகிறதென எண்ணிவிடலாகாது. குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பை இத்துண்டுகள் எளிதிற் கடப்பதில்லை. மூளை தனக்கு வேண்டியதை அதே மரபணுவைக் கொண்டு தானே ஆக்கிக்கொள்கிறது.

அங்கே அது செய்யும் தொழில் இலக்கணம் பயின்றோருக்குப் புதிதன்று. விருப்பையும் முயற்சியையும் தூண்டும் டோபமினைச் சுரக்கும் நடுமூளைக் கலங்களை வேறு சில நரம்புக் கலங்கள் அடக்கி வைத்திருக்கின்றன. என்கெபலின் அவ்வடக்கும் கலங்களின் ஏற்பிகளிற் பொருந்தி, அவற்றை அடக்குகிறது; டோபமின் மிகுந்து வெளிப்படுகிறது. 'வாராமலில்லை' என்பதில் எதிர்மறை இரண்டு கூடி உடன்பாடாதல் போன்றதே இது. அபினிலிருந்து பெறும் மோபின் நோவைத் தணிப்பதும், பழகியவரை விடாது பற்றுவதும் இத்தகைய ஏற்பிகளில் தானும் பொருந்துவதனாலேயாம். அப்பழக்கத்துக்கு ஆளானோரை மனவுறுதியற்றோரென்று மட்டும் கூறி இகழ்வோர் இதனைச் சிறிது எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

டைனோர்பின் என்னும் பிறிதொன்றும் உண்டு. அது வேறொரு தாய்ப்புரதத்திற் பிறப்பது. எனினும் அதன் முதலைந்து அமினோ அமிலங்கள் லியூசின் ஈறான என்கெபலினே. 'செய்வான்', 'செய்யான்' என்னுமிரண்டுக்கும் பகுதி ஒன்றாயிருந்தும் பொருள் மாறுபடுதல் போல, டைனோர்பின் வேறோர் ஏற்பியை நாடி, டோபமின் வெளிப்படுவதைக் குறைத்துவிடுகிறது.