ஷிப்ட் தொழிலாளரின் உறக்க மூச்சுத்தடையும் இரத்த அழுத்தமும்: சிகிச்சைக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரின் நிட்டிங் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் சுற்றுவட்டார நூற்பாலைகளிலும் ஷிப்ட் முறையில் உழைப்பவர்களுக்கு இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்படாதபோது, மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் அவர்களது உறக்கத்தை விசாரிப்பது அவசியம். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட, மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்று நின்று வருவதே உறக்க மூச்சுத்தடை ஆகும். ஒவ்வொரு தடையிலும் ஆக்சிஜன் குறைந்து, மூளை கணநேரம் விழித்து, நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்குவதால், உறக்கத்தில் 10 முதல் 20 விழுக்காடு தாழவேண்டிய அழுத்தம் தாழாமல், நாளடைவில் விழித்திருக்கும்போதும் உயர்ந்தே நிற்கிறது.

முதலில், உடன் உறங்குபவரைக் கேட்க வேண்டும். உரத்த குறட்டை, திடீர் அமைதி, பின்பு திணறலோடு எழும் மூச்சு என்ற வரிசையை அறைத் தோழர் செல்போனில் பதிவு செய்து தந்தால் மருத்துவருக்குப் பேருதவியாகும். எழுந்ததும் தலைவலி, மெஷினருகே கண்ணைச் செருகும் தூக்கம், தையல் மேசையிலுள்ள இஞ்ச் டேப்பில் 40 செ.மீ.க்கு மேற்பட்ட கழுத்தளவு ஆகியவை ஐயத்தை வலுப்படுத்தும். எனினும் ஒல்லியானவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

அடுத்து, டீயும் பீடியும் தவிர்த்து அரைமணி கழிந்தபின், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, எழுந்ததும் ஒருமுறையும் படுக்குமுன் ஒருமுறையும் ஒரு வாரம் அழுத்தத்தை அளந்து, உறங்கிய நேரத்தோடு குறிக்க வேண்டும். வீட்டு அளவின் சராசரி 135/85-ஐ எட்டினாலே அது உயர்வுதான். இக்குறிப்புடன் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகி, உறக்கப் பரிசோதனைக்குப் பரிந்துரை கேட்கலாம். இரவு ஷிப்ட் பார்ப்பவர் தமது உறங்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழக்கமில்லாத நேரத்தில் உறக்கம் வராமல் சோதனை பிழைபடக்கூடும். சோதனையில் மணிக்கு 5 முதல் 15 தடைகள் வரை தெரிந்தால் நோய் லேசானது, அதற்கு மேல் மிதமானது, 30-ஐ எட்டினால் கடுமையானது.

மிதமான, கடுமையான நோய்க்கு முதன்மைச் சிகிச்சை, 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சீபேப் கருவி. முகமூடி வழியே காற்றை இடைவிடாத அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுப்பாதை மூடாமல் காப்பது இது. இரவுக்குரிய கருவியென்று கருதிப் பகல் உறக்கத்தில் அதைக் கழற்றி வைப்பது சிகிச்சையைக் கைவிடுவதற்கே சமம். எப்போது உறங்கினாலும், உறங்கும் நேரம் முழுவதும் அணிய வேண்டும். மின்தடைக்கு மாற்று மின்சாரம் வைத்திருப்பது நல்லது. மூக்கடைப்பு இருந்தால் முகமூடி பொறுக்க முடியாததாகிவிடும். அதற்கு முதலில் மருத்துவம் பார்க்க வேண்டும்.

கருவியால் அழுத்தம் சராசரியாக 2 முதல் 3 புள்ளிகளே குறையும். மூன்று மருந்துகளுக்கும் அடங்காதவர்களுக்குக் கூடுதலாகக் குறையலாம். ஆகவே மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. எடை குறைப்பதும், மதுவைத் தவிர்ப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும் துணைசெய்யும். தூக்கம் தெளியும் வரை கட்டிங் மெஷினில் வேலை செய்வதையும் இருசக்கர வாகனம் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும். சில வாரங்களில் முன்போலவே ஒரு வாரம் அழுத்தத்தைக் குறித்து, அதைக் கருவியின் பயன்பாட்டுப் பதிவுடன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.