அகன்ற டயரும் இரு பருவ மழையும்

கேள்வி: என் ஸ்விஃப்ட் காரில் 165 அளவு டயர் உள்ளது. 205 போட்டால் சாலைப் பிடிப்பு கூடும், வளைவுகளில் வண்டி நன்றாக நிற்கும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? (வாசகர், தக்கலை)

பதில்: 205 வேண்டாம், ஆசை விடாவிட்டால் 185 போதும்.

டயர் அகன்றால் நிலத்தைத் தொடும் பரப்பும் அதே விகிதத்தில் பெருகும் என்பது பலருடைய அபிப்பிராயம். ஆனால் அப்பரப்பைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை வண்டியின் பாரமும் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமுமே ஆகையால், தடம் நீளத்தில் குறைந்து அகலத்தில் விரியுமேயன்றி, மொத்தத்தில் அதிகம் வளர்வதில்லை. உலர்ந்த சாலையின் வளைவுகளில் ஸ்டியரிங்குக்கு வண்டி சற்று விரைவாக இணங்கும் என்பது மெய்தான். ஆயினும், தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிப் பொழியும் நம் ஜில்லாவில், குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை செல்லும் பாதையில் நீர் தேங்கி நிற்கையில், அகன்ற டயர் அந்நீரை விலக்க மாட்டாமல், வேகத்தில் அதன்மேல் தோணிபோல மிதக்கத் தொடங்கினால், பிரேக்கும் ஸ்டியரிங்கும் பிரயோஜனப்படா.

உங்கள் வண்டியின் உயர்ந்த ரகங்களுக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 பொருத்தித் தருகிறது. 165/80 ஆர்14-க்கும் அதற்கும் மொத்த விட்டத்தில் சுமார் 2 மில்லிமீட்டரே வித்தியாசமாதலால், வேகமானி பொய் சொல்லாது. ஆனால் அதற்கு 15 அங்குல ரிம்மும் வாங்கவேண்டும். 205-இலோ ஸ்டியரிங் கனக்கும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், லாபம் கடைக்காரருக்கு.

கையிருப்பு இடங்கொடாவிடில், பழைய அளவிலேயே ஈரத்தில் பிடிக்கும் தரமான டயராக நான்கு வாங்கி, காற்றழுத்தத்தை அடிக்கடி சோதியுங்கள். டயரிலுள்ள பள்ளங்களின் ஆழம் சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டர் வரை தேயக் காத்திராமல், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.