அட்டை இருந்தால் போதுமா? சட்டமன்றத் தேர்தலில் முதல்முறை ஓட்டுப் போடுபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“என்கிட்டதான் வோட்டர் ஐடி இருக்கே, ஏன் சார் ஓட்டுப் போட முடியாதுங்கிறீங்க?” தமிழ்நாட்டில் தேர்தல் நாளன்று ஏதாவது ஒரு வாக்குச்சாவடி வாசலில் இந்தக் குரல் கேட்காமல் இருக்காது. கேட்பவர் மேல் தவறில்லை. அட்டைதான் ஓட்டு என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையில் அட்டை நீங்கள் யார் என்று காட்டும், அவ்வளவுதான். ஓட்டுரிமையைத் தருவது வாக்காளர் பட்டியல். பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62, நேராகவே சொல்கிறது.

இது ஏட்டளவிலான வேறுபாடு இல்லை. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், பேச்சு வழக்கில் எஸ்.ஐ.ஆர்., தொடங்கியது. அதற்கு முன் பட்டியலில் சுமார் 6.41 கோடிப் பேர் இருந்தார்கள். டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 5.43 கோடிப் பேர்தான் மிஞ்சினார்கள். இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. விடுபட்ட பெயர்களில் உங்களுடையதும் ஒன்றா என்பதைப் பர்ஸில் இருக்கும் அட்டை சொல்லாது. பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்க வேண்டும். இந்த மூன்றும்தான் அடிப்படை. படிப்பு, சொத்து, வரி எதுவும் தேவையில்லை. முன்பு வாக்களிக்கும் வயது 21 ஆக இருந்தது. அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது 18 ஆனது.

வயதைக் கணக்கிட முன்பு ஜனவரி 1 என்ற ஒரே தகுதி நாள்தான் இருந்தது. ஜனவரி 2இல் பிறந்தவர் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தார். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். 18 நிறைந்த பிறகு வரும் தகுதி நாளில் பெயர் சேரும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

தகுதி இழப்பவர்கள் சிலர்தான். மனநலமற்றவர் என்று உரிய நீதிமன்றம் அறிவித்தவர்கள், தேர்தல் முறைகேடு தொடர்பான சட்டங்களின்படி வாக்குரிமை நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் இடம்பெற முடியாது. சிறையில் இருப்பவர் விசாரணைக் கைதியாக இருந்தாலும் வாக்களிக்க முடியாது. ஜாமீனில் வெளியே இருப்பவருக்கு எந்தத் தடையும் இல்லை. குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர் தபால் மூலம் வாக்களிக்கலாம். தீர்ப்புக்கு முன்பே வாக்கை இழக்கும் விசாரணைக் கைதியின் நிலை எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

முகாம்களிலும் வெளியிலும் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகள் பல பத்தாண்டுகளாக இங்கே இருந்தாலும், குடியுரிமை இல்லாததால் வாக்காளர் ஆக முடியாது. ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் அகதிகள் என்பதாலேயே அது இல்லாமல் போகாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒருவர் பிறப்புச் சான்றிதழோடு உரிமை கோரலாம். ஒரு வழக்கறிஞர் அல்லது சட்ட உதவி மையத்தின் துணையோடு இதை முன்னெடுப்பது நல்லது.

படி 2: எந்த ஊரில் ஓட்டு?

அதிகக் குழப்பம் இங்கேதான். சொந்த வீடு எங்கே இருக்கிறதோ அங்கே ஓட்டு என்பது தவறான எண்ணம். ஓர் ஊரில் வீடோ நிலமோ இருப்பதால் மட்டும் அங்கே குடியிருப்பதாக ஆகாது என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. நீங்கள் வழக்கமாகத் தங்கி வாழும் இடம்தான் கணக்கு. வாடகை வீடு, மேன்ஷன் அறை, விடுதி எதுவானாலும் சரி. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், விடுதி முகவரியிலோ பெற்றோர் வீட்டு முகவரியிலோ ஏதாவது ஒன்றில் பதிந்துகொள்ளலாம்.

வீடே இல்லாதவருக்கும் ஓட்டு உண்டு. நடைபாதையில் உறங்குபவர் முகவரிச் சான்று தர வேண்டியதில்லை. அவர் சொன்ன இடத்தில்தான் இரவில் உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பிஎல்ஓ) நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். உங்களுக்குத் தெரிந்த யாராவது அப்படி இருந்தால், விண்ணப்பிக்க அவருக்கு உதவுங்கள்.

இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி கூடாது. சென்னையிலோ திருப்பூரிலோ பத்து வருடம் வாழ்ந்தாலும், “ஊர் ஓட்டு ஊர்லயே இருக்கட்டும்” என்று விட்டுவிட்டு இங்கேயும் ஒன்று சேர்ப்பவர்கள் நிறைய. குலதெய்வக் கோயிலைப் போல ஊர் ஓட்டின் மேலும் ஒரு பற்று நமக்கு இருக்கிறது. அந்தப் பற்று புரிகிறது. ஆனால் விண்ணப்பத்தில், வேறெங்கும் பெயர் இல்லை என்று நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். தெரிந்தே பொய்யாக அறிவித்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். எங்கே வாழ்கிறீர்களோ அங்கே மாற்றிக்கொள்வதே சரி. உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதும் பிள்ளையின் பள்ளி எப்படி நடக்கிறது என்பதும் அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வோடு சம்பந்தப்பட்டவை.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்காதவரானால், பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில் படிவம் 6ஏ மூலம் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும்.

படி 3: சரியான படிவம்

புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறினாலும், பெயர், வயது, படம் திருத்த வேண்டும் என்றாலும், அட்டை தொலைந்தாலும், மாற்றுத்திறனாளி என்று குறிக்க வேண்டுமென்றாலும் படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்கவும், ஒருவர் பெயர் சேர்வதை ஆட்சேபிக்கவும் படிவம் 7. கல்யாணமாகிக் கணவர் ஊருக்குப் போகும் பெண், ஏற்கெனவே பட்டியலில் இருந்தால், படிவம் 6 போடக் கூடாது; 8 போட வேண்டும். 6 போட்டால் இரட்டைப் பதிவாகிவிடும், பின்னால் இரண்டுமே சிக்கலாகலாம்.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ விண்ணப்பிக்கலாம். கணினி பழக்கம் இல்லாதவர்கள் தங்கள் பகுதி பிஎல்ஓவிடமோ, தாலுகா அலுவலகத்திலோ, மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ, வார இறுதிச் சிறப்பு முகாம்களிலோ கொடுக்கலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற தொலைபேசி எண். கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு அல்லது பிளஸ் டூ சான்றிதழ், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், ஆதார் இவற்றில் ஒன்று. முகவரிக்கு மின்கட்டண, தண்ணீர் அல்லது கேஸ் ரசீது, வங்கி பாஸ்புக், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஒன்று. ரசீது உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அப்பா, அம்மா, வாழ்க்கைத்துணை பெயரில் இருந்தாலும் ஏற்கப்படும். எஸ்.ஐ.ஆர். நடந்தபோது படிவம் 6உடன் ஓர் உறுதிமொழிப் படிவமும் கேட்கப்பட்டது. கேட்டால் அதையும் நிரப்பிக் கொடுங்கள். ஆதார் எண் தருவது கட்டாயமில்லை என்று 2023இல் தேர்தல் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்திருக்கிறது.

கொடுத்ததும் கிடைக்கும் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அதை வைத்துத்தான் நிலவரம் பார்க்க முடியும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அத்தோடு முடிந்துவிடாது. வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவை எதிர்த்து 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

தேர்தல் தேதி அறிவித்த பிறகும் சிறிது அவகாசம் உண்டு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாட்களுக்கு முன்பு விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதன் பிறகு வருவது அடுத்த தேர்தலுக்குத்தான்.

படி 4: பெயரைப் பார்த்துவிடுங்கள்

அட்டையிலுள்ள பத்து எழுத்து எண்ணை இணையதளத்தில் இட்டால் தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாம் வரும். எண் தெரியாவிட்டால் பெயர், வயது, தொகுதி கொடுத்துத் தேடலாம். தேர்தல் அறிவிப்புக்கு முன்பு ஒருமுறை, வேட்புமனு தொடங்குமுன் இன்னொரு முறை பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் பாருங்கள், முக்கியமாகப் பாட்டி தாத்தாவுக்கு. கணவன் ஒரு பாகத்திலும் மனைவி அடுத்த பாகத்திலும் இருப்பது சகஜம். பள்ளிக்கூடம் ஒன்றாக இருந்தாலும் அறை மாறும்.

படி 5: கையில் என்ன எடுத்துப் போவது?

வாக்காளர் அடையாள அட்டை இருந்தால் அதுவே போதும். வேறு தொகுதியில் இருந்தபோது வாங்கிய பழைய அட்டையும் செல்லும், இந்தச் சாவடியின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பட்சத்தில். அட்டையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. படம் பொருந்தவே இல்லை என்றால்தான் வேறு ஆவணம் கேட்பார்கள்.

அட்டை இல்லாவிட்டால் மாற்று ஆவணங்கள் பன்னிரண்டு உண்டு: ஆதார், நூறு நாள் வேலைத் திட்ட அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், தொழிலாளர் அமைச்சகத்தின் மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டு, ஓட்டுநர் உரிமம், பான், தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் ஸ்மார்ட் கார்டு, பாஸ்போர்ட், படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், அரசு மற்றும் பொதுத்துறை நிறுவன ஊழியர் அடையாள அட்டை, எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கான அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை.

இதில் ரேஷன் கார்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் மாநிலத்தில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் நீட்டிப் பழகியிருக்கிறோம். வாக்குச்சாவடியில் அது செல்லாது. பூத் சிலிப்பும் அடையாள ஆவணம் இல்லை. ஒரு காலத்தில் படம் போட்ட சிலிப்பைக் காட்டியே வாக்களித்தோம். 2019 முதல் அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. சிலிப் உங்கள் வரிசை எண்ணைத் தேட மட்டும் உதவும். சிலிப் வராவிட்டாலும் ஓட்டுப் போடலாம். வெளிநாடுவாழ் வாக்காளர் மட்டும் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டியே ஆக வேண்டும்.

படி 6: சாவடிக்குள்

முதல் அலுவலர் உங்கள் ஆவணத்தைப் பார்த்துப் பெயரைச் சத்தமாகப் படிப்பார். கட்சி முகவர்கள் கேட்பதற்காக. அடுத்தவர் இடது ஆட்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு சீட்டு தருவார். சீட்டைக் கொடுத்ததும் எந்திரம் உங்களுக்காகத் திறக்கும். பொத்தானை அழுத்துங்கள். பக்கத்து விவிபாட் எந்திரத்தில் நீங்கள் தேர்ந்த சின்னம் ஏழு விநாடிகள் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். யாருக்கும் போட விருப்பமில்லையென்றால் கடைசியில் நோட்டா இருக்கிறது.

பார்வையற்றவரும், உடல் இயலாமையால் தானே பொத்தானை அழுத்த முடியாதவரும் 18 வயது நிறைந்த ஒரு துணையை உள்ளே அழைத்துச் செல்லலாம். ஒருவர் ஒரே நாளில் ஒரு வாக்காளருக்குத்தான் துணை போக முடியும். 85 வயது கடந்தவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் கொண்டவர்களும் வீட்டிலிருந்தே தபால் வாக்களிக்கலாம். அதற்குத் தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாட்களுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும். இந்த ஐந்து நாட்களைத் தவறவிடும் குடும்பங்கள் பல.

வாசலில் சிக்கல் வந்தால்

முகவர் ஒருவர் “இவர் அந்த ஆள் இல்லை” என்று சொல்லிவிட்டால் பதறாதீர்கள். அப்படி ஆட்சேபிக்க அவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் விசாரிப்பார். நீங்கள்தான் என்று தெரிந்தால் வாக்களிக்கலாம்.

உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால் அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். 49பி (49P) விதியைச் சொல்லிக் கேளுங்கள். 2018இல் வந்த ‘சர்கார்’ படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் இதை அறியாதவர் குறைவு. அடையாளத்தை நிரூபித்தால், காகித வாக்குச்சீட்டில் வாக்களிக்க விடுவார்கள். படம் பார்த்தவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்தச் சீட்டு தனி உறையில் வைக்கப்படும், வாக்கு எண்ணும் நாளில் எண்ணப்படாது என்பது. பின்னர் தேர்தல் வழக்கில் நீதிமன்றம் கேட்டால்தான் அது கணக்கில் வரும். ஆனாலும் அதைப் போடுங்கள். கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அரசுப் பதிவேட்டில் இருக்கும் சாட்சி அது.

உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதுதானா?

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு. ஆனால் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்தே உள்ளாட்சிப் பட்டியல் தயாராகிறது. ஆகவே படிவம் 6ஐ ஒழுங்காகப் போட்டவருக்கு இதற்கென்று தனி வேலை கிடையாது. கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு ஓட்டுப் போட வேண்டியிருக்கும். அன்றைக்கு நான்கு சீட்டுகளும் கையில் வந்தனவா என்று எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.