முறுக்கு தசையிலா, எலும்பிலா?

பெருமூளை வாதம் உள்ள குழந்தை முட்டிகள் உரச, பாதம் உள்பக்கம் திரும்பி, தடுமாறித் தடுமாறி நடக்கிறதென்றால் பெற்றோர் காதில் மூன்று பெயர்கள் விழும்: காலிபர், போட்டாக்ஸ் ஊசி, எலும்பு ஆபரேஷன். எது நல்லது என்று கேட்பதற்கு முன், முறுக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பாதி முடிவு அதிலேயே இருக்கிறது.

எல்லாக் குழந்தைகளும் தொடை எலும்பில் சுமார் 40 டிகிரி முறுக்கோடுதான் பிறக்கின்றன. நின்று, ஓடி, வளர்ந்து முடிவதற்குள் அது 15 டிகிரி அளவுக்குக் குறைந்துவிடும். தாமதமாக நிற்கத் தொடங்கி, தசையும் இறுகியிருக்கும் குழந்தைக்கு அந்த முறுக்கு அவிழாமலே தங்கிவிடுகிறது.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். குழந்தையைப் பாயில் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பு தூக்காமல் ஒரு கையால் பிடித்து, முட்டியை மடக்கிப் பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் சாயவிடுங்கள். பாதம் பாயை நெருங்குமளவு சரிந்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம்கூடப் போகாமல் நின்றுவிட்டால் தொடை எலும்பில் முறுக்கு இருக்கலாம். வலித்தால் விட்டுவிடுங்கள்; அளந்து உறுதி செய்ய எலும்பு மருத்துவர் இருக்கிறார்.

போட்டாக்ஸ் தசைக்கான மருந்து. இறுக்கத்தை 3 முதல் 6 மாதம் வரை தளர்த்தும்; அந்த அவகாசத்தில் பிசியோவும் மாவுக்கட்டும் சேர்ந்தால்தான் பலன். நுனிக்காலில் நடக்கும் சின்னக் குழந்தைக்கு நிச்சயம் யோசிக்கலாம். எலும்பை அது இம்மியும் திருப்பாது.

காலிபர் கணுக்காலைப் பிடித்து நிறுத்தி, நிற்கும்போது நிதானம் தரும். முட்டி மடங்கிக் குனிந்து நடக்கும் குழந்தைக்குக் கணுக்காலில் மூட்டு வைத்த காலிபர் வேண்டாம். முட்டிக்குக் கீழே முன்பக்கம் தாங்கும் வகைதான் சரி. அதுகூட, பாதம் நடக்கும் திசையைப் பார்த்திருந்தால்தான் வேலை செய்யும்.

முறுக்கு எலும்பில் இருந்து நடையைக் கெடுக்கிறதென்றால், தொடை எலும்பை வெட்டித் திருப்பி, பிளேட் வைக்கும் ஆபரேஷனே வழி. நடக்கும் குழந்தைக்கு இது பெரும்பாலும் 8 முதல் 12 வயதுக்குள் செய்யப்படுகிறது; முன்னதாகச் செய்தால் முறுக்கு திரும்பக்கூடும். எலும்பு, தசைநாண், பாதம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிசெய்வதே என் தேர்வு. வருடத்துக்கொன்று என்று துண்டு துண்டாகச் செய்தால் குழந்தைப் பருவமே ஆஸ்பத்திரியில் கழியும். இரண்டு காலும் பாதித்த குழந்தைக்குக் குதிகால் தசைநாணை மட்டும் நீட்டலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். அது அளவு மீறி நீண்டுவிட்டால், பின்னாளில் முட்டி மடங்கிக் குனிந்த நடை வந்துவிடும்.

ஆபரேஷன் சமநிலையைத் தந்துவிடாது. அது மூளையின் வேலை. நேரான எலும்பு தசையின் இழுவிசையை வீணாக்காது, அவ்வளவுதான். முதல் சில மாதங்கள் குழந்தை முன்னைவிட அதிகம் தடுமாறும், வாக்கர் மறுபடி தேவைப்படும். தேற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அத்தனை நாளும் பிசியோவுக்கு அழைத்துப்போக வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துத் தேதி குறியுங்கள்.

இடுப்பு மூட்டு விஷயத்தில் மட்டும் 8 வயதுக்குக் காத்திருக்க முடியாது. பெருமூளை வாதக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது; நடக்கவே முடியாத குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். வலி இல்லையே என்று இடுப்பு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.