கரீபியன் கடலில் கொள்ளைக்குக் கிளம்புமுன்

2013-இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்’ விளையாடுகிறீர்களா? கதை எங்கும் ஓடிவிடாது. முதலில் உங்கள் கப்பலான ஜாக்டாவைப் பலப்படுத்துங்கள். தொலைநோக்கியில் பார்த்தால் எதிரிக் கப்பலின் சரக்கு தெரியும். உலோகம் இருந்தால் விடாதீர்கள், கவசத்துக்கு அதுதான் வேண்டும். ரம், சர்க்கரையை விற்றுக் காசாக்கலாம். குண்டு பாயும்போது குனிந்துகொள்ளும் பொத்தானை அழுத்தினால் சேதம் குறையும். கடற்கோட்டையைப் பிடித்தால் அந்த வட்டாரத்து வரைபடம் திறக்கும்.

வரைபடத்தின் நான்கு மூலைகளில் இருக்கும் ராட்சசக் கப்பல்களிடம் அவசரப்பட்டுப் போனால் மூழ்குவது உறுதி.

பொறுமையைச் சோதிப்பவை, ஆளைப் பின்தொடர்ந்து ஒட்டுக்கேட்கும் பணிகள். கொள்ளைக்காரனுக்கு இது என்ன வேலையோ! ‘கழுகுப் பார்வை’ என்ற திறனால் ஆளைக் குறித்துவையுங்கள். சுவருக்குப் பின்னாலும் தெரிவான். புதருக்குப் புதர் நகருங்கள்.