கனிந்த வாழைப்பழமும் வீட்டுக் கேக்கும்

வடசேரி கனகமூலம் சந்தையில், மிகக் கனிந்த வாழைக்குலை வந்த விலைக்குத் தள்ளப்படுவதை நாம் அறிவோம். அக்கனியே கேக்கை ஈரம் குன்றாமல் காக்கவல்லது. 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு செய்த கேக்கிலும் கதலிப்பழம் சேர்ந்தது என்பர்.

பழம் கனியக் கனிய மாச்சத்து சர்க்கரையாகிறது. சர்க்கரை நீரைப் பிடித்துவைக்கும். இரண்டு குவளைக் கோதுமை மாவுக்கு மசித்த பழம் ஒரு குவளை, கரைத்து வடித்து ஆறவைத்த கருப்பட்டி முக்கால் குவளை, தேங்காய் எண்ணெய் அரைக் குவளை, முட்டை இரண்டு, சமையல் சோடா ஒரு சிறு கரண்டி, சிறிது தயிர் போதும். வெள்ளைச் சர்க்கரையில் கருப்பட்டியின் மணம் வாராது. மாவு இட்டபின் மிகுதியாகக் கலக்கலாகாது.

கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் கேக்குத் தட்டை வைத்து மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுக. குத்திய ஈர்க்கில் மாவு ஒட்டாதபோதே இறக்கிவிடுக. மேலும் வைத்தால் உலர்ந்துபோம்.